அவ்வை சண்முகம் சாலை: ஆண் கணக்கா, பெண் கணக்கா?

சென்னை ராயப்பேட்டையில் அ.தி.மு.க. தலைமை அலுவலகம் இருக்கும் சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். பழைய ஆட்கள் இன்னமும் லாயிட்ஸ் ரோடு என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்வார்கள். சென்னைத் தெருப் பெயர்களை எல்லாம் ஒரு எக்செல் தாளில் ஏற்றி, பக்கத்தில் 'ஆண்', 'பெண்' என்று இரண்டு கட்டம் போட்டால், இந்தச் சாலைக்கு நேரே எதில் டிக் அடிப்பீர்கள்?

கணினியிடம் விட்டால் 'அவ்வை'யைப் பார்த்ததும் பெண் என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே.சண்முகம் ஔவையார் வேடம் கட்டி மேடையில் நடித்துப் புகழ் பெற்றவர். அந்த வேடமே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. ஆகவே, பெயரில் இருப்பவர் பெண், பெருமைப்படுத்தப்பட்டவர் ஆண். ஔவையாருக்கு வரவேண்டிய சாலையை ஔவையாராக நடித்தவர் கொண்டுபோய்விட்டார் என்று எழுதினால் சண்முகம் என்ற பெரிய கலைஞருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். எழுதவில்லை. ஆனால், தெருப் பெயர்களைக் கணக்கெடுக்க உட்கார்ந்தால் முதல் பத்து வரிக்குள் இப்படி ஒன்று வந்து நின்று நம் கட்டங்களைக் கேலி செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தெருப் பெயர்களைப் போய் யார் எண்ணுவார்கள் என்று கேட்காதீர்கள். ஐரோப்பாவில் எண்ணியிருக்கிறார்கள். ஐரோப்பியத் தரவு இதழியல் வலையமைப்பைச் சேர்ந்த பத்திரிகையாளர்கள் 17 நாடுகளின் 30 பெருநகரங்களை எடுத்துக்கொண்டு 1,45,933 தெருக்களின் பெயர்களைச் சலித்து, 2023ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். மனிதர்களின் பெயர் தாங்கிய தெருக்களில் 91 சதவீதம் ஆண்களுடையவை. 30 நகரங்களில் பெண்களுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது ஸ்டாக்ஹோம், அங்கேயே 19.5 சதவீதம்தான். கடைசி இடம் ஹங்கேரியின் டெப்ரெட்சென்: 2.7 சதவீதம். பாலினச் சமத்துவத்துக்கு உலகம் உதாரணம் காட்டும் ஸ்வீடனின் தலைநகரம் ஐந்தில் ஒரு தெருவைக்கூடப் பெண்ணுக்குத் தரவில்லை.

சிலைகளின் கதை இன்னும் மோசம். லண்டன் மாநகரில் உள்ள ஏறத்தாழ 1,500 நினைவுச் சின்னங்களை 'ஆர்ட் யுகே' என்ற அமைப்பு 2021இல் கணக்கெடுத்தது. பெயர் தெரிந்த ஆண்களுக்கு 20 சதவீதத்துக்குச் சற்று மேல். பெயர் தெரிந்த பெண்களுக்கு 4 சதவீதம். விலங்குகளுக்கு 8 சதவீதம். குதிரையும் நாயும் சிங்கமும் சேர்ந்து, அந்த நகரத்தில் வாழ்ந்த பெண்களைப்போல் இரண்டு மடங்கு இடம் பிடித்திருக்கின்றன. அதே ஆண்டு அமெரிக்காவில் 'மான்யுமென்ட் லேப்' என்ற அமைப்பு 48,178 நினைவுச் சின்னங்களின் பதிவுகளை ஆராய்ந்தது. அதிகச் சின்னம் பெற்ற 50 பேரில் பெண்கள் 3. அந்த 50 பேரில் பாதிப்பேர் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள். பதிவுகளில் கடல்கன்னிச் சிலைகள் 22 இருந்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தில் அமர்ந்த பெண்களுக்கு 2. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 2020 ஆகஸ்ட் வரை இருந்த பெண்கள் எல்லாம் 'அற்புத உலகின் ஆலிஸ்' போன்ற கதைப் பெண்கள். உண்மையில் பிறந்து வாழ்ந்து செத்த ஒரு பெண்ணுக்கு அங்கே அதுவரை சிலை இல்லை.

கதைப் பெண் என்றதும் நம்மூர் ஆட்களுக்கு ஒரு சிலை நினைவுக்கு வந்திருக்கும்.

பத்துச் சிலைகளின் கணக்கு

1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் 10 சிலைகள் எழுந்தன. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., கண்ணகி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். எதையாவது வேண்டாம் என்று சொல்ல முடியுமா? போப்பும் கால்டுவெல்லும் தமிழுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமா?

இப்போது எண்ணிப் பாருங்கள். 10இல் பெண்கள் 2. அதில் கண்ணகி காப்பியத்தின் தலைவி. வாழ்ந்த பெண் என்று கணக்கில் ஏறுவது ஔவையார் மட்டும். ஔவையார் ஒருவரா பலரா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள், அது வேறு. ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரியார்கள் 3 பேர். ஈராயிரம் ஆண்டுத் தமிழைக் கொண்டாடிய கடற்கரையில், தமிழ்ப் பெண்களைவிட ஐரோப்பியப் பாதிரிமார்கள் ஒருவர் அதிகம். இந்த வாக்கியத்தை அந்தக் கடற்கரைச் சாலையில் எத்தனை முறை நடந்தாலும் கண் சொல்லித் தராது. பட்டியல் போட்டு விரல் மடக்கினால்தான் வரும். அதிலும் கண்ணகி 2001 டிசம்பரில் பீடத்திலிருந்து அகற்றப்பட்டு, 2006இல் ஆட்சி மாறிய பிறகுதான் திரும்ப வந்தாள். இடைப்பட்ட காலத்தில் பெண் கணக்கு பாதியாகிவிட்டிருந்தது.

எண்ணுவதன் பயன் இதுதான். ஒரு பெயர் வைக்கப்படும்போது அதற்கு ஒரு நியாயம் இருக்கும். எதிர்த்துப் பேசுபவர் அந்த மனிதரையே எதிர்ப்பதுபோல் ஆகிவிடும். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. நூறு நியாயங்கள் சேர்ந்து ஓர் அநியாயம் ஆகியிருப்பது மொத்தக் கணக்கில்தான் தெரிகிறது.

தி.நகரைப் பாருங்கள். 1920களில் உருவான பேட்டை. தியாகராயர், பனகல், நாயர், நடேசன், உஸ்மான், தணிகாசலம், ஜி.என்.செட்டி... நீதிக்கட்சிக் காலத்துப் பிரமுகர்களின் வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய்த் தெருமுனைகளில் நட்டதுபோல இருக்கும். அந்தக் காலச் சென்னையை ஆண்டவர்கள் யார் என்பதற்கு நல்ல ஆவணம். அந்தக் காலச் சென்னையில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு அது ஆவணம் ஆகாது.

பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். மாநில அரசின் கீழ் இருப்பவற்றில் மனிதர் பெயர் தாங்கியவை: அண்ணாமலை, மதுரை காமராசர், அண்ணா, பாரதியார், பாரதிதாசன், அழகப்பா, டாக்டர் எம்.ஜி.ஆர்., மனோன்மணியம் சுந்தரனார், பெரியார், டாக்டர் அம்பேத்கர், திருவள்ளுவர். ஆண்கள் 11 பேர். பெண்கள் பக்கம் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். ஜெயலலிதா பெயரில் மீன்வளத்துக்கு ஒன்று, இசைக்கும் கவின்கலைக்கும் ஒன்று. ஆக, பெண்கள் 2 பேர். ஒருவர் ஸ்கோப்ஜேயில் பிறந்து கொல்கத்தாவில் தொண்டு செய்த துறவி, இன்னொருவர் முதலமைச்சர். புலவராகவோ ஆய்வாளராகவோ அறியப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் இல்லை. நெல்லைக்காரர்கள் மனோன்மணியத்தைச் சொல்லி வாதாடலாம். அவளும் 1891இல் சுந்தரம் பிள்ளை எழுதிய நாடகத்தின் கதாநாயகி.

சாலைக்கு ஆண், தாலிக்குப் பெண்

அப்படியென்றால் தமிழ்நாட்டு அரசு பெண் தலைவர்களை மறந்தே போய்விட்டதா? இல்லை. நான் தேடியது தப்பான இடத்தில். தெருப் பலகைகளை விட்டுவிட்டு, அரசின் நலத்திட்டப் பட்டியலைத் திறந்தால் அத்தனை பேரும் அங்கே இருக்கிறார்கள்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி. ஈ.வெ.ரா. மணியம்மையார் பெயரில் ஏழை விதவையரின் மகள்களுக்குத் திருமண உதவி. டாக்டர் தருமாம்பாள் பெயரில் விதவை மறுமண உதவி. அன்னை தெரசா பெயரில் ஆதரவற்ற பெண்களுக்குத் திருமண உதவி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி. சத்தியவாணி முத்து பெயரில் இலவசத் தையல் இயந்திரம்.

இந்தத் திட்டங்களால் பயன்பெற்ற குடும்பங்கள் ஏராளம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'எதற்கு யார் பெயர்' என்று ஒரு கட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். ஆணின் பெயர் பேருந்து நிலையத்துக்கும் மேம்பாலத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிறது. பெண்ணின் பெயர் தாலிக்கும் பிரசவத்துக்கும் தையல் மிஷினுக்கும் போகிறது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் ராமாமிர்தம். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி முத்துலட்சுமி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் கொண்டுவந்தவர். சத்தியவாணி முத்து 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் இருந்தவர், 1979இல் ஒன்றிய அமைச்சர். ஒன்றிய அமைச்சராக இருந்தவருக்குத் தையல் மிஷின்! ஓர் ஆண் அமைச்சர் பெயரில் தையல் மிஷின் கொடுத்துப் பாருங்களேன், கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

ராமாமிர்தத்தின் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளின் கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாற்றப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால் ஊர் அதை 'புதுமைப் பெண்' என்றே அழைக்கிறது. ராமாமிர்தம் கோப்பில் இருக்கிறார்.

சாலைப் பெயர்களில் பெண்களே இல்லை என்றும் சொல்ல முடியாது. எழும்பூர் மார்ஷல்ஸ் ரோடு, ருக்மணி லட்சுமிபதி சாலை ஆகியிருக்கிறது. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர், 1946இல் சென்னை மாகாணத்தின் அமைச்சரானவர். அடையாறு எல்.பி. ரோட்டுக்கு டாக்டர் முத்துலட்சுமி சாலை என்று பெயர். ஆனால் பேச்சில் மார்ஷல்ஸும் எல்.பி.யும்தான் புழங்குகின்றன. மவுன்ட் ரோடு அண்ணா சாலை ஆனதற்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது; மேடைதோறும் அந்தப் பெயர் சொல்லப்பட்டது. முத்துலட்சுமிக்கு மேடை போட யார் இருக்கிறார்கள்?

ஒரே ஒரு பெயர்

பாலினக் கட்டம் எளிது. சாதிக் கட்டத்தைத் திறந்தால்தான் தமிழ்நாட்டின் பெயர்ப்பலகை அரசியல் பச்சையாகத் தெரியும்.

1990களின் நடுவில் தமிழ்நாட்டு வரைபடம் தலைவர்களால் நிரம்பியிருந்தது. ஈரோட்டுப் பக்கம் பெரியார் மாவட்டம், திண்டுக்கல் அண்ணா மாவட்டம், விருதுநகர் காமராசர் மாவட்டம், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் மாவட்டம், சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், வேலூர் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். போக்குவரத்துக் கழகங்களும் அப்படியே: கட்டபொம்மன், மருதுபாண்டியர், தீரன் சின்னமலை, ஜீவா, நேசமணி. பெண்கள் பெயரில் திண்டுக்கல்லில் ராணி மங்கம்மாள், தருமபுரியில் அன்னை சத்யா. ஒருவர் அரசி, ஒருவர் முதலமைச்சர் எம்.ஜி.ஆரின் தாயார். அரியணையில் இருக்க வேண்டும், இல்லையேல் ஆண்டவரைப் பெற்றிருக்க வேண்டும்!

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைக் கலைஞர் அரசு சூட்டியது. கட்டபொம்மன் படையின் தளபதி, தேவேந்திரகுலத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் சிலர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. உயிர்கள் போயின. முடிவில் அரசு என்ன செய்தது? சுந்தரலிங்கத்தின் பெயரோடு எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. இன்று போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்களின் பெயர் இல்லாததற்கு இதுவே காரணம்.

நிர்வாகத்துக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். புள்ளிவிவரக் கண்ணோடு பார்த்தால் நடந்தது இது: அத்தனை பெயர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின, ஒன்றும் ஆகவில்லை. தென்பகுதிப் பஸ்ஸில் ஒரு தலித் தளபதியின் பெயர் ஏறியது, பட்டியலே கலைக்கப்பட்டது. பெயர்ப்பலகைச் சமத்துவமின்மைக்கு இதைவிடத் துல்லியமான தரவு ஐரோப்பாவின் ஒன்றரை லட்சம் தெருக்களிலும் கிடைக்காது.

சாதிப் பெயர்களை நீக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978இல் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை எடுக்க உத்தரவு வந்தபோது, தி.நகரின் டாக்டர் நாயர் சாலை 'டாக்டர் சாலை' ஆனது. டி.எம்.நாயர் பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் மூலவர்களில் ஒருவர் என்பதைப் பெயிண்ட் டப்பாவோடு போனவருக்கு யார் சொல்வது? 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் குடியிருப்பு, தெரு, சாலை, நீர்நிலை ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்றச் சொல்லி அரசாணை வந்தது. அதே வாரத்தில் கோவை அவினாசி சாலையின் 10 கிலோமீட்டர் மேம்பாலம் ஜி.டி.நாயுடு பெயரில் திறக்கப்பட, 'நாயுடு சாதி இல்லையா' என்று சமூக வலைதளங்கள் அல்லோலப்பட்டன. அவரை வேறு எப்படி அழைப்பது என்பதற்கும் யாரிடமும் பதில் இல்லை.

இழிவுப் பெயரை நீக்குவது சரி, அதில் இரண்டு கருத்து இல்லை. அமெரிக்காவில் பூர்வகுடிப் பெண்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை 2022இல் ஏறக்குறைய 650 இடங்களின் பெயர்களிலிருந்து நீக்கினார்கள். அத்தனை இடங்கள் என்று அவர்களால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், நாட்டின் இடப்பெயர்கள் எல்லாம் ஒரே அரசுப் பதிவேட்டில், யார் வேண்டுமானாலும் தேடும்படி இருந்தன. நாம் கணக்கெடுக்கும் முன்பே அழிக்கிறோம். எந்தச் சாதியின் பெயரில் எத்தனை தெரு இருந்தது, எதை அழித்து என்ன வைத்தோம் என்ற அட்டவணை வெளியாகாவிட்டால், அழிப்பு வேலை பழைய சமத்துவமின்மையின் சாட்சியத்தையும் சேர்த்தே அழித்துவிடும்.

இன்னொரு கட்டமும் வேண்டும்: எங்கே? அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் 900க்கும் மேற்பட்ட தெருக்கள் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெருமைதான். டெரக் ஆல்டர்மன் என்ற புவியியலாளர் அவை எங்கே இருக்கின்றன என்று ஆராய்ந்தார். பல ஊர்களில் வெள்ளையர் கடைத்தெருவுக்கு அந்தப் பெயர் வருவதை வியாபாரிகள் எதிர்க்க, கறுப்பின மக்கள் வாழும் பகுதியோடு பெயர் நின்றுவிட்டது. நம்மூர் அம்பேத்கர் நகர்கள் எங்கே இருக்கின்றன என்று தமிழ்நாட்டில் பிறந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. அம்பேத்கர் சிலைகளின் எண்ணிக்கையை எடுப்பவர், அவற்றில் எத்தனை இரும்புக் கூண்டுக்குள் இருக்கின்றன என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மனு கொடுப்பவர் யார்?

ஏன் இப்படி ஆகிறது? சதி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நடைமுறை வேறு. ஒரு தெருவுக்குப் பெயர் வர, யாராவது கேட்க வேண்டும். மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். 2022இல் நடிகர் விவேக் பெயரில் சாலை வந்தது, மனைவி கேட்டார். 2024இல் நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பெயர் வந்தது, மகன் கேட்டார். இருவரும் தகுதியானவர்கள், கேட்டதில் தவறும் இல்லை. கேட்க ஆள் இல்லாதவர்கள் என்ன ஆவார்கள் என்பதே கேள்வி. கட்சி, சாதிச் சங்கம், ரசிகர் மன்றம், செல்வாக்குள்ள குடும்பம்: இந்த நான்கில் ஒன்றாவது பின்னால் நிற்க வேண்டும். தகுதி ஐந்தாவதுதான்.

சத்தியவாணி முத்துவுக்கும் ஒரு நகர் இருந்தது. கூவக்கரையில், தீவுத்திடல் பக்கம், சத்தியவாணி முத்து நகர். உழைக்கும் மக்களின் குடிசைப் பகுதி. 2019 கடைசியில் கூவம் சீரமைப்புக்காக அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வீடுகளோடு பெயரும் போனது.

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள், 30,000க்கும் மேற்பட்ட உட்புறத் தெருக்கள். சொத்துவரி வாங்க ஒவ்வொரு தெருவின் பெயரும் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. பெல்ஜியத்தின் பிரசல்ஸில் 2020இல் தன்னார்வலர்கள் செய்தது இதுதான்: திறந்த வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு தெருவையும் அதன் பெயர்க்காரணமான மனிதரின் குறிப்போடு இணைத்தார்கள், ஆண், பெண் என்று நிறம் தீட்டியதும் நகரமே கண்ணுக்கு முன் வந்துவிட்டது. மென்பொருள் இலவசம். உழைப்புத்தான் செலவு. ஐரோப்பியர்களுக்கு மேரி மாதா பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்ற குழப்பம். நமக்கு மாரியம்மன் கோயில் தெரு. தெய்வம், காப்பிய மாந்தர், வாழ்ந்தவர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. அம்மன்களைச் சேர்த்துக் காட்டிப் பெண்களின் சதவீதத்தை ஏற்றிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் தொடங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, வார்டிலோ ஊராட்சியிலோ உள்ள தெருக்களின் பட்டியலையும், பெயர் மாற்றிய தீர்மானங்களின் நகலையும் கேளுங்கள். யார், ஆணா பெண்ணா, என்ன சமூகம், எந்த ஆண்டு வைத்தது, யார் கேட்டு வைத்தது, தெரு ஊரின் எந்தப் பக்கம் என்று ஆறு கட்டம் போடுங்கள். சாதிப் பெயர் அழியும் தெருவுக்கு என்ன பெயர் என்று அடுத்த கிராம சபையில் பேச்சு வரும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும். கேட்க ஆள் இல்லாத ஒருவருக்காக நீங்கள் மனு எழுதுங்கள்.